சூப்பர்நோவாவை ரேடியோவில் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ரேடியோ தொலைநோக்கியில் சூப்பர்நோவா சிக்கியது" என்று செய்தி வரும்போதெல்லாம் அதே நாலைந்து கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. சூப்பர்நோவா என்றால் விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறுவது. அவற்றையும், அவற்றிலிருந்து கிளைக்கும் சில கேள்விகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ரேடியோ என்றால், வெடிச் சத்தத்தைக் கேட்கிறார்களா?

இல்லை. ரேடியோ அலையும் ஒளிதான். அலைநீளம் மட்டும் சென்டிமீட்டர், மீட்டர் கணக்கில் நீண்டிருக்கும். தொலைநோக்கியிலிருந்து கடைசியில் கிடைப்பது ஒரு படம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் சினிமாவில்தான்.

விண்மீன் வெடித்தால் ரேடியோ அலை ஏன் வருகிறது?

பலரும் நினைப்பதுபோல வெடிப்பே ரேடியோ அலையை உமிழ்வதில்லை. வெடித்துச் சிதறியது எதன்மேல் போய் மோதுகிறதோ, அந்த மோதலிலிருந்துதான் அது வருகிறது.

பெரிய விண்மீன் ஒன்று சாவதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் மேல்புற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊதிக்கொண்டே இருக்கும். இதை விண்மீன் காற்று என்பார்கள். சிவப்புப் பெரும்பூதம், அதாவது ஊதிப் பெருத்துச் சிவந்த விண்மீன் என்றால் அந்தக் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். விண்வெளிக் கணக்கில் இது ஆமை வேகம். அப்புறம் ஒருநாள் மையம் இடிந்து விழுந்து விண்மீன் வெடிக்கிறது. சிதறிய பொருள் நொடிக்கு 10,000 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் கிளம்பி, முன்னால் போய்க்கொண்டிருக்கும் அந்தப் பழைய காற்றை இடிக்கிறது. இடிக்கும் இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகிறது. அங்கே காந்தப்புலம் வலுக்கிறது, எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கப்படுகின்றன. காந்தப்புலத்தில் சுழன்று சுழன்று ஓடும் அந்த எலெக்ட்ரான்கள் ரேடியோ அலையை உமிழ்கின்றன. இதற்குச் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். இந்தச் சித்திரத்தை 1982இல் ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ரோஜர் செவாலியர். இன்றும் அடிப்படை அதுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அதிர்ச்சி அலையின் வேகம் காற்றின் வேகத்தைப் போல ஆயிரம் மடங்கு. அதாவது, வெடிப்புக்குப் பிறகு ஓராண்டில் அதிர்ச்சி அலை எட்டும் இடத்தில் இருப்பது, விண்மீன் சாவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊதிய வாயு. பத்தாண்டு பார்த்தால் பத்தாயிரம் ஆண்டு வரலாறு, அதுவும் பின்னோக்கி. விண்மீன் எழுதிவைத்த நாட்குறிப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற மாதிரி. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான். ரேடியோ ஒளி ஒரு மாதம் கூடினால், அந்தக் காலத்தில் விண்மீன் அதிகமாக ஊதியிருக்கிறது. குறைந்தால் குறைவாக ஊதியிருக்கிறது. எம்100 கேலக்ஸியில் வெடித்த எஸ்என் 1979சி-யின் (எஸ்என் என்பது சூப்பர்நோவாவின் சுருக்கம், எண் ஆண்டு) ரேடியோ ஒளி சுமார் 1,575 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. பக்கத்தில் துணை விண்மீன் ஒன்று சுற்றிவந்து அந்தக் காற்றைக் கலக்கியிருக்க வேண்டும் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

அப்படியானால் எல்லா சூப்பர்நோவாவும் ரேடியோவில் தெரியுமா?

தெரியாது. பாதிகூடத் தெரிவதில்லை. மையம் இடிந்து வெடித்தவற்றில் ரேடியோவில் பார்க்கப்பட்ட 294 சூப்பர்நோவாக்களைத் தொகுத்து 2021இல் வந்த ஓர் ஆய்வில், சிக்னல் கிடைத்தவை ஏறத்தாழ 31 சதவீதம்தான்.

ஒன்ஏ வகை இன்னும் மோசம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குள்ளன் விண்மீன் வெடிப்பது அது. பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்க உதவும் வகை. வெண்குள்ளன் காற்று ஊதுவதில்லை. சுற்றிலும் இடம் ஏறத்தாழ காலி. மோத ஒன்றும் இல்லையென்றால் ரேடியோவும் இல்லை. 2011இல் எம்101இல் வெடித்த எஸ்என் 2011எஃப்இ, பல ஆண்டுகளில் நமக்கு மிக அருகே நடந்த ஒன்ஏ வெடிப்புகளில் ஒன்று. ரேடியோவில் எவ்வளவு தோண்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. இந்த வகையில் முதல் ரேடியோ சிக்னல் எஸ்என் 2020இஒய்ஜே-விலிருந்துதான் வந்தது. அதைச் சுற்றி ஹீலியம் நிறைந்த வாயு இருந்தது. துணை விண்மீனிடமிருந்து வந்த சரக்கு அது.

ஆனால் ஒன்றும் தெரியாததும் ஒரு பதில்தான். எஸ்என் 2011எஃப்இ-யைச் சுற்றி வாயு இல்லை என்று தெரிந்ததால், கனத்த காற்று ஊதும் பெரும்பூத விண்மீன் அதற்குத் துணையாக இருந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

ஒளித் தொலைநோக்கிகள் இத்தனை இருக்கும்போது ரேடியோ எதற்கு?

எம்82 என்ற ஒரே கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். நம்மிலிருந்து சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவு. அதற்குள் விண்மீன்கள் கன்னாபின்னாவென்று பிறந்துகொண்டிருக்கின்றன; நடுப்பகுதி முழுக்கத் தூசு.

2014 ஜனவரியில் அங்கே எஸ்என் 2014ஜே தெரிந்தது. லண்டனில் மாணவர்களுக்குத் தொலைநோக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. சின்னத் தொலைநோக்கியிலேயே பார்க்கலாம், அவ்வளவு பிரகாசம். ரேடியோவில்? சுத்தமாக ஒன்றும் இல்லை. அது ஒன்ஏ வகை.

அதே எம்82இல் 2008இன் தொடக்கத்தில் இன்னொரு விண்மீன் வெடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதை யாருமே பார்க்கவில்லை. ஓராண்டு கழித்து, வேறு வேலைக்காக எடுத்த ரேடியோ தரவில், முன்பு இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி நிற்பதைப் பார்த்தார்கள். எஸ்என் 2008ஐஇசட் என்று இன்று அதற்குப் பெயர். தூசுத் துகள்கள் மைக்ரான் அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அதே அளவு என்பதால் மாட்டிக்கொள்கிறது. சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் தூசு இருப்பதே தெரியாது.

இதன் உச்சம் ஆர்ப் 220. சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கலந்துகொண்டிருக்கும் இடம். ஒளியில் பார்த்தால் தூசு மூட்டம். கண்டம் விட்டுக் கண்டம் ஆன்டெனாக்களை இணைத்துப் பார்த்தபோது, அந்த மூட்டத்துக்குள் டஜன் கணக்கில் ரேடியோ புள்ளிகள் தெரிந்தன, புதிதாக வெடித்தவையும் கொஞ்சம் பழையவையுமாக. நம் பால்வீதியில் நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டு வெடிப்பதே அதிகம். அங்கே ஓராண்டுக்கு ஏறத்தாழ நான்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்து சாகின்றன என்று எண்ண வேண்டுமென்றால், தூசுக்குள் நடக்கும் சாவுகளை விட்டுவிட்டு எண்ண முடியுமா?

ஒளி முதலில் வருகிறது, ரேடியோ வாரக்கணக்கில் தாமதமாக வருகிறதே. ரேடியோ அலை மெதுவா?

வேகம் ஒன்றுதான். தாமதம் வழியில் இல்லை, கிளம்பும் இடத்தில். விண்மீன் ஊதிய வாயுவே ஆரம்பத்தில் திரைபோல மறைக்கிறது. வெடிப்பின் வெப்பத்தில் அயனியாகிப்போன அந்த வாயு ரேடியோ அலையை விழுங்கிவிடும். அதிர்ச்சி அலை வெளியே நகர நகர, முன்னால் இருக்கும் திரை மெலிகிறது.

திரை எல்லா அலைக்கும் ஒரே மாதிரி விலகாது. அதிக அதிர்வெண் முதலில் தப்பி வரும், குறைந்த அதிர்வெண் கடைசியில். ஆக 20 ஜிகாஹெர்ட்ஸில் முதலில் தெரியும், பிறகு 8இல், பிறகு 5இல், மாதங்கள் கழித்து 1.4இல். ரேடியோ சூப்பர்நோவாவின் கைரேகை என்றே இதைச் சொல்லலாம். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் இந்த வரிசையைத்தான் முதலில் தேடுவார்கள்.

2023 மே 19 அன்று எம்101இல் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் கண்டுபிடிக்கப்பட்டது. ரேடியோக்காரர்கள் உடனே திரும்பிப் பார்த்தார்கள். முதல் சில வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் நெருங்கும்போதுதான் சிக்னல் வந்தது. வெடிப்பதற்குச் சற்று முன் அது அடர்த்தியாக வாயுவைக் கக்கியிருந்தது என்பதோடு இது நன்றாகவே பொருந்தியது.

நேரெதிர் உதாரணம் எஸ்என் 1987ஏ. அது வெடித்த இரண்டு நாளுக்குள் ஆஸ்திரேலியாவின் மொலாங்லோ தொலைநோக்கி அதை ரேடியோவில் பார்த்துவிட்டது. சில நாளில் பார்க்கப் பார்க்க மங்கியும் போனது. வெடித்தது நீலப் பெரும்பூதம். அதன் காற்று வேகமானது, மெல்லியது. திரையும் இல்லை, மோத அதிகச் சரக்கும் இல்லை. 1990இல் அதே இடம் மறுபடி ரேடியோவில் உயிர்பெற்றது. பழைய காலத்தில் அது கக்கிய வாயுவை அதிர்ச்சி அலை அப்போதுதான் எட்டியிருந்தது.

ஒரே ஒரு பெரிய டிஷ் போதாதா? ஏன் இத்தனை ஆன்டெனா?

100 மீட்டர் விட்டமுள்ள டிஷ், 6 சென்டிமீட்டர் அலைநீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் இரண்டரை ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஓர் ஆர்க்நிமிடம்). நிலாவின் அகலம் 30 ஆர்க்நிமிடம். எம்100 கேலக்ஸி மொத்தமே ஏழு ஆர்க்நிமிடம்தான். கேலக்ஸியின் சொந்த ரேடியோ ஒளியோடு சூப்பர்நோவாவும் கலந்து ஒரே கறையாகத் தெரியும்.

அதனால் ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் சிக்னல்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள வி.எல்.ஏ.வில் 25 மீட்டர் டிஷ் 27 இருக்கின்றன. தண்டவாளத்தில் நகர்த்தி 36 கிலோமீட்டர் வரை பரப்பலாம். அப்படிப் பரப்பினால் அதே 6 சென்டிமீட்டரில் அரை ஆர்க்செகண்டுக்கும் (ஆர்க்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) குறைவாகப் பிரித்துப் பார்க்கலாம். புனேவுக்கு வடக்கே கோடத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி.யில் 45 மீட்டர் டிஷ் 30. அது குறைந்த அதிர்வெண்ணில் கில்லாடி என்பதால், சூப்பர்நோவா வயதான பிறகு, மற்றவர்கள் கிளம்பிப்போன பிறகு, அதன் வேலை ஆரம்பிக்கும்.

ஒரு முறை பார்ப்பது என்றால் என்ன நடக்கும்?

சூப்பர்நோவாவை நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டார்கள். முதலில் 3சி 286 மாதிரி, பிரகாசம் துல்லியமாகத் தெரிந்த ஒரு பழைய ஆளைப் பார்ப்பார்கள். அது தராசுக்குப் படிக்கல் மாதிரி. அப்புறம் சூப்பர்நோவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது குவாசார் (மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸியின் பிரகாசமான மையம்), பிறகு சூப்பர்நோவா, சில நிமிடம் கழித்து மறுபடி குவாசார், மறுபடி சூப்பர்நோவா. காரணம் நம் தலைக்குமேல் இருக்கும் காற்றுமண்டலம். அதிலுள்ள நீராவி ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் அலை வந்துசேரும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் ஆக்கிவிடும். குவாசார் இருக்க வேண்டிய இடம் தெரியும். அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, அதே அளவு சூப்பர்நோவா தரவையும் நேராக்குவார்கள்.

அடுத்தது களை பறிப்பு. செயற்கைக்கோள், ரேடார், செல்போன் எல்லாம் தரவில் கோடுகோடாக நிற்கும். அவற்றை வெட்டி எறிய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, சில அலைவரிசைகளில் பாதித் தரவே போய்விடும்.

மிஞ்சியதைக் கணினியில் போட்டால் முதலில் வருவதை இந்தத் துறையில் 'அழுக்குப் படம்' என்றே சொல்வார்கள். ஆன்டெனாக்களுக்கு இடையே காலி இடம் இருப்பதால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நட்சத்திர மீன் கைகள்போல் போலிக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் படிப்படியாகக் கழிக்கும் வழியை 1974இல் யான் ஹொக்போம் எழுதினார். கழித்த பிறகு கேலக்ஸியின் மங்கலான கரையோரம், ஒளித் தொலைநோக்கி சொன்ன அதே இடத்தில், சுற்றியுள்ள இரைச்சலைவிட ஐந்து மடங்கு உயர்ந்து ஒரு புள்ளி நின்றால், சரி, சிக்கிவிட்டது.

சிக்னல் எவ்வளவு பலவீனமாக இருக்கும்?

வந்துசேரும் ரேடியோ பிரகாசத்தை அளக்கும் அலகு ஜான்ஸ்கி. மில்லிஜான்ஸ்கி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எம்81இல் வெடித்த எஸ்என் 1993ஜே உச்சத்தில் சுமார் 100 மில்லிஜான்ஸ்கியைத் தொட்டது. அது பக்கத்து வீடு, அதனால் அவ்வளவு. அதையே பத்து மடங்கு தள்ளி வைத்தால் ஒரு மில்லிஜான்ஸ்கி. நிலாவில் ஒரு செல்போனை ஆன் செய்து வைத்தால், இங்கே அது இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாகத் தெரியும்.

அதிகபட்சம் எவ்வளவு தூரம் பார்க்க முடியும்?

சாதாரண வகைகள் என்றால், சிக்கியவற்றில் பெரும்பாலானவை சுமார் 30 கோடி ஒளியாண்டுக்குள். காமா கதிர் வெடிப்போடு (காமா கதிர்கள் திடீரென்று மின்னி மறைவது) சேர்ந்து வருபவை இதைவிட மிகத் தொலைவிலும் தெரியும். அவற்றில் பொருள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கிறது.

புதிதாக ஒரு புள்ளி தெரிந்தாலே சூப்பர்நோவா என்று எப்படிச் சொல்வது?

சொல்லக் கூடாது. கேலக்ஸியின் நட்டநடுவில் தெரிந்தால் அங்குள்ள பெருங்கருந்துளை மேல்தான் முதல் சந்தேகம். அது சாப்பிடும்போதும் பிரகாசம் ஏறும் இறங்கும். தொலைதூரக் குவாசார், நம் பால்வீதி வாயு வழியே வரும்போது மினுக்கி ஏமாற்றலாம். கருந்துளையிடம் மாட்டி விண்மீன் ஒன்று கிழிபட்டிருக்கலாம். இடம், அதிர்வெண் வரிசை, மாதக்கணக்கில் மாறும் விதம் மூன்றும் பொருந்த வேண்டும்.

முழுக்க ரேடியோவிலேயே தொடங்கிய ஒரு கதை உண்டு. 2017இல் தொடங்கிய வி.எல்.ஏ. வான் கணக்கெடுப்பின் படங்களைப் பழைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டபோது, சுமார் 48 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டிக் கேலக்ஸியில், மையத்தை விட்டு விலகி, முன்பு இல்லாத பிரகாசமான புள்ளி ஒன்று இருந்தது. மோதலின் பலத்தைக் கணக்கிட்டால், அடர்த்தியான வாயு வளையத்தில் அதிர்ச்சி அலை இடித்திருக்கிறது. சரி, வெடித்தது எப்போது? பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 2014இல், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த மேக்சி கருவி அதே திசையில் ஓர் எக்ஸ் கதிர் மின்னலைப் பதிந்து வைத்திருந்தது. 2021இல் வெளியான விளக்கம் இது: ஒரு கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ தன் துணை விண்மீனுக்குள் சுழன்று இறங்கியிருக்கிறது, போகும் வழியில் வாயுவை வெளியே வாரி இறைத்திருக்கிறது, கடைசியில் மையத்தைக் குலைத்து வெடிக்க வைத்திருக்கிறது. ஒளித் தொலைநோக்கியில் இந்த வெடிப்பு யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

வெடிப்பு விரிவதையே படம் எடுக்க முடியுமா?

பக்கத்தில் இருந்தால் முடியும். எஸ்என் 1993ஜே-வைக் கண்டம் தாண்டிய ஆன்டெனா வலையில் பல ஆண்டு தொடர்ந்து படம் எடுத்தார்கள். முதல் ஆண்டு முடிவில் அதன் ஆரம் ஏறத்தாழ ஒரு மில்லிஆர்க்செகண்ட், அதாவது நிலாவில் நிற்கும் ஒரு மனிதனின் உயரம் இங்கிருந்து தெரியும் அளவு. படங்களை அடுக்கி ஓட்டினால், ஒரு வளையம் மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகிறது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் தளர்ந்தபடி. அநேகமாக வட்டமாகவே விரிந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எஸ்என் 1986ஜே இன்னும் விசித்திரம். என்ஜிசி 891 கேலக்ஸியில், வெடித்து சுமார் மூன்றாண்டு கழித்து, முதலில் ரேடியோவில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இருபதாண்டு நெருங்கும்போது அதன் நடுவில் புதிதாக ஒரு புள்ளி ஒளிர ஆரம்பித்தது. உள்ளே மிஞ்சிய நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ என்று ஒரு தரப்பு; வாயுக் கட்டி என்று இன்னொரு தரப்பு.

வேக ரேடியோ வெடிப்பு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மில்லிநொடியில் முடிந்துவிடும். இது மாதக்கணக்கு, சில சமயம் பல பத்தாண்டு.

வீட்டிலிருந்தே நான் ஏதாவது செய்ய முடியுமா?

மொட்டை மாடி டிஷ்ஷில் வேறொரு கேலக்ஸியின் சூப்பர்நோவா சிக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் வி.எல்.ஏ. வான் கணக்கெடுப்பின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். ஒரே வானத்தை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார்கள். பிடித்த கேலக்ஸி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் சுற்றுப் படத்தையும் அடுத்த சுற்றுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போலிக் கோடுகளை மட்டும் புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். முதல் வாரம் எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள்.